தராசின் இன்னொரு தட்டு

சேலத்தில் எலக்ட்ரானிக் தராசு விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். இருபது வருடம் ஓடிவிட்டது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள், லீ பஜார் மண்டிகள், ஜவ்வரிசி ஆலைகள், கறிக்கடை, பூக்கடை என்று எல்லா விதமான ஆட்களும் வருவார்கள். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இது துல்லியமா காட்டுங்களா?"

கேட்ட கையோடு திரையை எட்டிப் பார்ப்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் இருந்தால் நல்ல தராசு. மூன்று இருந்தால் ரொம்ப நல்ல தராசு. நானும் பல வருடம் "ஆமாங்க, ஒரு அரிசியைப் போட்டாக்கூட காட்டும், பாருங்க" என்று போட்டுக் காட்டித்தான் விற்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது ஒன்று, நான் காட்டியது வேறொன்று. இது எனக்கு விளங்கியது போன வருடம்தான்.

இரண்டு விஷயங்கள் ஒரே மாதத்தில் நடந்தன. ஏற்காட்டில் அடகுக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கு நான் விற்ற தராசு, இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது. அந்த வாரமே, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் இயற்பியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"மாமா, துல்லியத்தன்மைன்னு ஒண்ணு இருக்கு, நுட்பம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே? நீங்க தராசு வேலை செய்றவர்தானே, சொல்லுங்க."

எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அவளுடைய டீச்சர் கரும்பலகையில் போட்ட படத்தை நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். நான்கு வட்டப் பலகைகள், அவற்றில் அம்புகள். ஒரு பலகையில் அம்புகள் எல்லாம் ஒரே இடத்தில் கொத்தாகக் குத்தி நின்றன. ஆனால் நடுப்புள்ளியை விட்டு ஒரு சாண் தள்ளி. அதன் கீழே "நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை" என்று எழுதியிருந்தாள். இன்னொன்றில் அம்புகள் நடுப்புள்ளியைச் சுற்றி நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. ஒன்றும் நடுவில் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் நடுவுக்குப் பக்கத்தில் வரும்.

படத்தைப் பார்த்ததும் தராசுப் பாஷையில் எனக்குப் புரிந்துபோயிற்று. 100 கிராம் எடைக்கல்லை ஒரு தராசில் ஐந்து தடவை வைக்கிறேன். ஐந்து தடவையும் 99.62 என்று காட்டுகிறது. கை நடுங்காத தராசு, சொன்னதையே சொல்கிறது. ஆனால் சொன்னது தவறு. திரையில் இருக்கும் இரண்டு தசம இடங்கள் அந்தத் தவறை மறைத்துவிடுகின்றன. புள்ளிக்குப் பின்னால் எண் நீளநீள மனிதர்களுக்கு நம்பிக்கை கூடுகிறது. இருபது வருடமாக நான் விற்றது அந்த நம்பிக்கையைத்தான் என்று நினைத்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த அம்புப் படம் இன்னொன்றையும் ஞாபகப்படுத்தியது. தமிழில் தவறுக்கு நாம் வைத்திருக்கும் சொற்களில் பாதி வில்லாளியின் சொற்கள். 'பிழைத்தல்' என்றால் குறி தவறுதல். காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானைக்குக் குறி வைத்துப் 'பிழைத்த வேல்' ஏந்துவது இனிது என்று குறள் சொல்கிறது. குறிக்குத் தப்பியது தப்பு. அதே சொல் குறியின் பக்கம் நின்றால் உயிர் தப்புவது. ஆஸ்பத்திரி வாசலில் "ஆள் பிழைச்சுட்டாருங்க" என்று சொல்லும்போது, வந்த அம்பு குறி பிழைத்தது, அதனால் ஆள் பிழைத்தார் என்ற பழைய சித்திரம் அந்தச் சொல்லுக்குள் இன்னும் கிடக்கிறது. 'பிசகு' கொஞ்சம் வேறு. மூட்டு இருந்த இடத்திலிருந்து லேசாக நகர்ந்துவிட்டால் பிசகிக்கொண்டது என்கிறோம். தள்ளி விழுவது பிழை, இடத்திலிருந்து நழுவுவது பிசகு. என் தொழிலில் இந்த வித்தியாசம் தினமும் உண்டு. ஒரு தராசு உடைந்துபோவது அபூர்வம். பிசகிப்போவதுதான் அதிகம்.

சரி, தவறுக்கு அம்பு. துல்லியத்துக்கு?

அன்று இரவு அகராதியைப் புரட்டினேன். 'துல்லியம்' என்பதற்கு ஒப்பு, சமம் என்று பொருள் போட்டிருந்தது. வடமொழியில் 'துல்ய' என்றால் நிகரானது. அதற்கு மூலம் 'துலா', அதாவது தராசு. துலாபாரத்தில் இருக்கிற அதே துலா. ஐப்பசியைத் துலா மாதம் என்கிறோமே, அந்தத் துலா. கிணற்றில் ஏற்றம் இறைத்த நாட்களில் மேலும் கீழும் ஆடிய அந்த நீண்ட மரத்துக்கும் துலா என்றுதான் பெயர். தராசை வைத்துச் சோறு தின்கிறவன், துல்லியம் என்ற சொல்லுக்குள்ளேயே தராசு இருப்பதைத் தெரியாமல் இத்தனை வருடம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதுவும் எந்தத் தராசு? இரண்டு தட்டு உள்ள தராசு. துல்லியம் என்றால் இந்தத் தட்டில் இருப்பது அந்தத் தட்டில் இருப்பதற்கு நிகர் என்று பொருள். ஒற்றைத் தட்டில் துல்லியம் கிடையாது. எதற்கு நிகர் என்று சொல்லாமல் துல்லியம் என்ற சொல்லைப் பயன்படுத்தவே முடியாது.

ஆங்கிலத்தில் 'அக்யூரேட்' என்பதன் லத்தீன் வேர் 'கவனத்தோடு செய்தது' என்ற பொருளில் வருகிறது. 'பிரிசைஸ்' என்பதன் வேர் 'வெட்டிக் குறுக்கியது'. அங்கே ஒன்று அக்கறையைச் சொல்கிறது, மற்றது வெட்டைச் சொல்கிறது. நமக்கு வந்து சேர்ந்த சொல்லோ ஒப்பிட்டுப் பார்ப்பதைச் சொல்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கவனமாகச் செய்தும் தவறாகச் செய்ய முடியும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, வளையமாக வளைத்துக் கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, சலங்கை கட்டி, மெருகு போட்டு அனுப்புகிற வேலை. வியாபாரி வெள்ளிக்கட்டி கொடுப்பார். அதே எடைக்குச் சேதாரம் போகக் கொலுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அதனால் வீட்டில் எடை போடும் நேரம் பூஜை நேரம் மாதிரி. "கண்ணு, ஃபேனை நிறுத்து" என்பார். ஜன்னலைச் சாத்துவார். சட்டைப் பையிலிருந்து ஒரு தகரப் பெட்டி வரும். அதற்குள் மடித்து வைத்த கைத்தராசு, பித்தளைத் தட்டு இரண்டு, பட்டு நூல்.

அவர் முதலில் எதையும் தட்டில் வைக்க மாட்டார். வெறும் தராசைத் தூக்கிப் பிடிப்பார். முள் நேராக நிற்கும் வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பார். ஒரு தட்டு ஒரு பொட்டு தாழ்ந்தாலும் இறக்கி வைத்துத் துடைப்பார், மறுபடி தூக்குவார். பட்டறை வேலையில் தட்டில் தூசி ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு கல்லை வைப்பார், வெள்ளியை வைப்பார். அந்த நேரம் நாங்கள் மூச்சு விடக்கூடப் பயப்படுவோம். எடை பார்த்து முடித்ததும் கல்லையும் வெள்ளியையும் தட்டு மாற்றி வைத்து இன்னொரு தடவை பார்ப்பார். தராசின் ஒரு கை நீளமாக இருந்தால் அதில் தெரிந்துவிடும். படித்தவர் இல்லை. யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த யாருக்கோ அதற்கு முந்தி ஒருவர்.

"சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இரண்டும் ஒரே பொருள் தரும் அடுக்கு என்று நினைத்திருந்தேன். பரிமேலழகர் உரையை இப்போது பார்த்தால், கோல் முன்னே தான் சமனாக நிற்கிறது, பின்னர்தான் தன்மேல் வைத்த பாரத்தை வரையறுக்கிறது என்று வரிசையைப் பிரித்துச் சொல்கிறார். முதலில் சமன்செய், அப்புறம் தூக்கு. அக்கா மகளின் பாடத்தில் 'சுழிப்பிழை' என்று ஒன்று வருகிறது. வெர்னியர், திருகு அளவி போன்ற அளக்கும் கருவிகளில் ஒன்றுமே வைக்காதபோது சுழியம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு அளவிலும் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். அப்பா தகரப் பெட்டியைத் திறந்ததும் செய்தது இதைத்தான்.

அந்த எடைக்கல் சரியா என்று எப்படித் தெரியும்? இது நியாயமான கேள்வி, அக்கா மகளும் கேட்டாள். என் கடையில் இருக்கும் கல்லை அதைவிட நம்பகமான கல்லோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அதை இன்னொன்றோடு. இப்படித் தட்டுக்குத் தட்டு ஏறிப் போனால் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57ஆம் எண் கிலோகிராம் வரும். அதற்கு மேலே, பாரிஸுக்குப் பக்கத்தில், 1889இலிருந்து கண்ணாடிக் குடுவைகளுக்குள் பூட்டி வைத்த பிளாட்டினம் - இரிடியம் உருளை. 2019 வரை உலகத்துக்கே அதுதான் கிலோ. அதற்கு எதிர்த் தட்டே கிடையாது, அது எவ்வளவு இருக்கிறதோ அதுவே ஒரு கிலோ. ஆனால் அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது, நூறு வருடத்தில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்திருப்பது தெரிந்தது. உருளை இளைத்ததா நகல்கள் பருத்தனவா என்று சொல்ல வழியில்லை. கடைசியில் 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஓர் எண்ணை வைத்துக் கிலோவை வரையறுத்துவிட்டார்கள். உலகத் தராசின் இன்னொரு தட்டில் இப்போது ஒரு பொருள் இல்லை, ஒரு மாறாத எண் இருக்கிறது.

இந்த வேலையிலேயே இருக்கும் விஞ்ஞானிகளுக்கும் சொல் சறுக்கியிருக்கிறது. 1994இல் வந்த ஐஎஸ்ஓ 5725 என்ற பன்னாட்டுத் தரநிலையில், துல்லியம் என்றால் இரண்டும் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டார்கள். உண்மை மதிப்புக்கு நெருங்கி நிற்பது ஒன்று, சொன்னதையே திரும்பச் சொல்வது மற்றொன்று. முதலாவதை மெய்மை என்று சொன்னால் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவதற்குப் பாடநூல் வைத்திருக்கும் 'நுட்பம்' என்ற சொல்லில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நுட்பம் என்றால் நமக்குச் சிற்ப வேலை, வீணை வாசிப்பு என்றுதான் மனசு போகும். அறிவு, திறமை எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஐந்து தடவை ஒரே தவறைச் சொல்லும் தராசை நுட்பமான தராசு என்று சொல்ல நாக்கு மறுக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும், எழுதட்டும்.

அகராதியோடு உட்கார்ந்த அந்த இரவில் வேறு சில சொற்களும் கண்ணில் பட்டன. 'சரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க சரி சரி என்கிறோம். சரிபாதி, சரிசமம், சரிக்குச் சரி, சரிகட்டுவது, சரிபார்ப்பது. எல்லாவற்றிலும் அடியில் கிடப்பது சமம் என்ற பொருள். ஆக 'சரியா இருக்கு' என்பதும் ஒரு விதத்தில் தராசுப் பேச்சுதான். 'நேர்' என்பதும் அப்படி, நேர்க்கோடு ஒரு பக்கம், நிகர் என்ற பொருள் மறுபக்கம். 'கறார்' உருது வழியாக வந்த சொல், அங்கே அதற்கு ஒப்பந்தம், உறுதி என்று பொருள். அதனால்தான் கறார் விலை என்றால் பேரம் கிடையாது. கறாரான ஆள் துல்லியமான ஆளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கச்சிதம் என்பது அளவு பொருந்தி உட்காருவது, அதைத் தையல்காரரிடம் சொல்லலாம்.

'இம்மியும் பிசகாமல்' என்பதில் வரும் இம்மிக்குக் கணக்கே இருக்கிறது. நம் பழைய கீழ்வாய்க் கணக்கில், அதாவது பின்னக் கணக்கில், முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. முந்திரியிலும் முந்திரி கீழ்முந்திரி, 1,02,400இல் ஒரு பங்கு. அதை 21ஆகப் பங்கு போட்டால் வருவதை இம்மி என்கிறது ஒரு வாய்பாடு. ஒரு கிலோவை அப்படிப் பங்கிட்டால் ஓர் இம்மி அரை மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. என் கடையில் இருக்கும் எந்தத் தராசும் அதைக் காட்டாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது 'ஏறத்தாழ'. ஏற, தாழ. 'ஏறக்குறைய'வும் அப்படியே. உண்மை இதற்கு மேலேயும் கொஞ்சம் இருக்கலாம், கீழேயும் கொஞ்சம் இருக்கலாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தட்டு ஏறித் தாழ்ந்து ஆடி அடங்குவது அப்படியே சொல்லில் இருக்கிறது. விஞ்ஞானிகள் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் குறியையும் கழித்தல் குறியையும் மேலும் கீழுமாகப் போடுகிறார்களே, அதை நம் ஊர்க் கிழவி பேச்சிலேயே போட்டுவிடுகிறாள். "ஏறத்தாழ நாலு மூட்டை வரும்" என்கிறவர், "3.87 மூட்டை" என்று எதையும் நிறுக்காமல் சொல்கிறவரைவிட எனக்கு நம்பகமானவர். தன் அளவு எவ்வளவு ஆடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எடையைப் போலவே தரத்திலும் இது நடக்கிறது, சேலத்துக்காரனாக அதைச் சொல்லாமல் விட முடியாது. தங்கத்துக்கு நம் முன்னோர் 'மாற்று' என்றார்கள், பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. கொலுசுப் பட்டறையில் இப்போது 'டச்' என்பார்கள். உரைகல்லில் தேய்த்துப் பார்த்த காலத்திலிருந்து வந்த சொல். நூறு பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்பதுதான் டச். ஹால்மார்க் முத்திரையில் அதையே ஆயிரத்துக்கு 990, 970, 925, 835, 800 என்பதுபோலத் தரம் பிரித்திருக்கிறார்கள். மீதி பெரும்பாலும் செம்பு.

டச் பார்க்க இப்போது எக்ஸ்ரே மெஷின் வந்துவிட்டது. பொருளை உள்ளே வைத்து மூடினால் ஒரு நிமிடத்துக்குள் எண் வந்துவிடும், அதுவும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடத்தோடு. ஆனால் அந்தக் கதிர் மேல்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தைத்தான் படிக்கிறது. கொலுசைப் பற்றவைத்த பிறகு நீர்த்த அமிலத்தில் போட்டுச் சுத்தம் செய்வார்கள். சூட்டில் கருத்துப்போன செம்பு அதில் கரைந்துபோகும், மேல்தோலில் வெள்ளி மட்டும் தங்கும். அதனால்தான் கொலுசு அவ்வளவு வெளுப்பாக வருகிறது. உள்ளே 80 டச் இருக்கிற கொலுசு, மேலே அதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். பத்து தடவை வைத்தாலும் மெஷின் அதே எண்ணைச் சொல்லும். அக்கா மகள் நோட்டில் இருந்த முதல் பலகை இதுதான், அம்புகள் கொத்தாக, நடுவை விட்டுத் தள்ளி.

ஒரு கிலோ கொலுசில் டச் இரண்டு தவறினால் 20 கிராம் வெள்ளி கணக்கில் காணாமல் போகும். அப்பா காலத்தில் ஒரு வியாபாரியோடு இப்படி ஒரு வழக்கு வந்தது. ஒரு துண்டை வெட்டி உருக்கிப் பார்க்கலாம் என்று அப்பா சொல்ல, அவர் மறுத்துவிட்டார். நஷ்டத்தை அப்பா ஏற்றுக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க விடாமல் போனதுதான் அவருக்குக் கடைசி வரை வருத்தம், பணம் அடுத்ததுதான். மேல்தோலைச் சுரண்டியோ உருக்கியோ பார்த்தால் மெஷினும் ஒழுங்காகச் சொல்லும். குற்றம் மெஷினுடையது இல்லை. அதனிடம் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

இப்போது ஏற்காட்டுத் தராசுக்கு வருகிறேன்.

அந்தப் பெரியவர் 600 கிராம் கொள்ளளவுள்ள, 0.01 கிராம் வரை காட்டும் தராசை என்னிடம் வாங்கிப் போனார். ஒரு மாதத்தில் போன். "தம்பி, இந்தத் தராசு எடை குறைச்சுக் காட்டுதுங்க. ஒரு ஜோடிக் கொலுசும் கிண்ணமும் சேலத்து நகைக் கடையில 412.30. இங்க 412.19. அடகு வச்ச பொம்பளை என்னைத் திருடன் மாதிரி பாக்குது." நான் யோசிக்காமல் சொன்ன பதில், "இருபது கொண்டைஊசி வளைவுங்கய்யா, பஸ்ல குலுங்கியிருக்கும், கொடுத்து விடுங்க." வந்தது. கடையில் 500 கிராம் கல்லை வைத்தேன். 500.00. எந்தப் பிசகும் இல்லை. துடைத்து அனுப்பினேன். மறுபடி அதே புகார். மறுபடி வந்தது, மறுபடி 500.00. பெரியவர் ஏதோ தவறாகப் பார்க்கிறார் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அது நான் செய்த தவறு. அவர் சொன்னது ஒவ்வொரு எண்ணும் உண்மை.

அக்கா மகளின் நோட்டில் இரண்டு பக்கம் தள்ளி ஈர்ப்பு முடுக்கம் இருந்தது. உயரம் கூடக்கூட அது குறையும் என்று அடிக்கோடு போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பளிச்சென்று பிடிபட்டது. எலக்ட்ரானிக் தராசுக்கு எதிர்த் தட்டு கிடையாது. உள்ளே ஓர் உலோகத் துண்டு பாரத்தில் எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. வளைப்பது பூமியின் இழுப்பு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் இழுப்பு ஒரு துளி குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலைப்பாறையின் இழுப்பையும் சேர்த்துக்கொண்டால், கிலோவுக்குக் கால் கிராமிலிருந்து 0.4 கிராமுக்குள் குறைய வேண்டும். பெரியவர் சொன்ன வித்தியாசம் 412 கிராமுக்கு 0.11. கிலோவுக்குக் கால் கிராமுக்குச் சற்று மேல். சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தராசு, 500 கிராம் கல், அப்பாவின் தகரப் பெட்டி, அக்கா மகள் எல்லாரோடும் காலை பஸ் ஏறினேன். பெரியவர் கடையில் தராசை வைத்து, குமிழி நடுவில் வரும்படி கால்களைத் திருகி மட்டம் பார்த்து, அரை மணி நேரம் சூடேற விட்டேன். வெறும் தட்டு 0.00. கல்லை வைத்தேன். 499.87. எடுத்து வைத்தேன், 499.87. பிறகு 499.86, 499.87, 499.87. அக்கா மகள் ஐந்தையும் எழுதிக்கொண்டாள். "மாமா, நுட்பம் இருக்கு, துல்லியம் இல்லை" என்றாள். என் தராசின் பெயர்ப்பலகையில் 'e' என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் 0.1 கிராம் என்று இருக்கும். அரசு முத்திரை போடும்போது 500 கிராமுக்கு அதில் பாதிதான், அதாவது 0.05தான், பிழையாக அனுமதிப்பார்கள். இது 0.13.

பிறகு அப்பாவின் தராசை எடுத்தேன். பெரியவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். மின்விசிறியை அவரே நிறுத்தினார், நான் சொல்லவில்லை. வெறும் தராசைத் தூக்கி முள் நிற்கும் வரை காத்திருந்தேன். ஒரு தட்டில் 100 கிராம் பித்தளைக் கல், மறு தட்டில் 50 கிராம் கல் இரண்டு. சேலத்தில் வீட்டு முற்றத்தில் எப்படி நின்றதோ அப்படியே நேராக நின்றது முள். இந்தத் தட்டின் மேல் இழுப்பு குறைந்தால் அந்தத் தட்டின் மேலும் அதே அளவு குறையும். நிலாவுக்குக் கொண்டு போனாலும் அது நேராகத்தான் நிற்கும்.

"அப்ப உங்க புதுத் தராசு பொய் சொல்லுது" என்றார் பெரியவர்.

"இல்லீங்கய்யா. அது சேலத்துத் தராசு. சேலத்து இழுப்புக்குப் பழகினது. எதிர்த் தட்டு இல்லாததால இடம் மாறினது அதுக்குத் தெரியல. நாமதான் இங்க ஒரு தடவை காட்டிக் கொடுக்கணும்."

அளவைச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தி, கேட்டபோது கல்லை வைத்தேன். சில நொடி கழித்து 500.00 வந்தது. எடுத்து வைத்தும் 500.00. இது நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் தராசை வைக்கிற இடத்திலேயே சரிபார்க்க வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி. சேலத்துக்குள்ளேயே விற்றுப் பழகியதில் எனக்கு அது மறந்துபோயிருந்தது. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முத்திரைக்காரர்களிடம் சொல்லி மறுமுத்திரைக்கும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன்.

அவர் உள்ளே போய் அந்தக் கொலுசையும் கிண்ணத்தையும் எடுத்து வந்தார். அடகு வைத்த பெண்மணி இன்னும் மீட்கவில்லையாம். தட்டில் வைத்தார். 412.30.

அக்கா மகள் தன் நோட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழித்து, 'ஏற்காட்டில் சரிபார்த்தது' என்று எழுதி, அன்றைய தேதி போட்டுத் தராசின் பக்கவாட்டில் ஒட்டினாள். பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதைப் படித்தார்.

"கீழ கொண்டு போனா?"

"கூடக் காட்டுங்கய்யா."

"அந்தப் பொம்பளையை நாளைக்கு வரச் சொல்றேன்" என்று போனை எடுத்தார்.